பச்சை உடம்பும் பனி தேசமும்

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் பின்லாந்துக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அது எங்கே இருக்கு?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அந்தக் குளிர்ல பச்சை உடம்புக்காரி எப்படித் தாங்குவா?" முதல் கேள்விக்கு மாப்பிள்ளை போனிலேயே பதில் சொல்லிவிட்டார். ஸ்வீடனுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில். இரண்டாவது கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு, 2023 நவம்பர் முதல் வாரத்தில் விமானம் ஏறினேன்.

பெட்டியில் துணிமணியை விட மருந்துதான் அதிகம். சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம், பூண்டு, வசம்பு, விளக்கெண்ணெய், பேரனோ பேத்தியோ யாராக இருந்தாலும் தொடையில் கட்டப் பழைய வேட்டித் துணி! ஹெல்சிங்கி விமான நிலையத்தில் யாரும் என் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாட்டு வைத்தியர் என்று நினைத்திருப்பார்கள்.

மகள் இருப்பது ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ என்ற ஊரில். மதியம் மூன்றரை, நாலு மணிக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள். டிசம்பரில் ஆறு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் பேசுவதும் இல்லை. 'இந்த ஊரில் மனுஷர்கள் இருக்கிறார்களா, இல்லை விளக்குகள் மட்டும்தானா?' என்று முதல் வாரம் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. "பிரிட்ஜ் வாங்கினீங்களா?" என்று கேட்டேன். மகள் சிரித்தாள். "இல்லம்மா. கவர்மெண்ட் குடுத்த சீர்!"

சீர் என்று அவள் விளையாட்டாகச் சொன்னாலும் உண்மையிலேயே அது சீர்தான். குழந்தைக்கு மெத்தை, விரிப்பு, கம்பளிக் குல்லா, காலுறை, சட்டைகள், பனியில் போட முழு உடுப்பு, குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு கருவி, நகம் வெட்டக் குட்டிக் கத்தரிக்கோல், துவாலை, ஒரு படப் புத்தகம். அம்மாவுக்குத் தேவையானவையும் உள்ளேயே இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவள் அடியில் இருந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். ஆணுறை! மாப்பிள்ளை அவசரமாக ஜன்னல் பக்கம் போய்ப் பனி பெய்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் சரிதானே? அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடு என்று நம் பக்கத்தில் யார் ஒரு பெண்ணிடம் மரியாதையாகச் சொல்கிறார்கள்?

எல்லாச் சாமானையும் எடுத்த பிறகு அடியில் மெத்தையை விரித்தால் பெட்டியே தொட்டில். "என் பேரப்பிள்ளையை அட்டைப் பெட்டியிலயா படுக்க வைப்பே?" என்று நான் சண்டை போட்டேன். "இங்கே எத்தனையோ பேர் அதுலதாம்மா வளர்ந்திருக்காங்க" என்றாள். பிற்பாடு விசாரித்தேன். இந்தப் பெட்டி 1938-ல் ஏழைத் தாய்மார்களுக்காக ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் அறுபத்தைந்து ஒரு வயதுக்குள் இறந்துபோகும். 1949 முதல் ஏழை பணக்காரர் பேதமில்லாமல் எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. பெட்டி வேண்டாம் என்றால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: நாலாவது மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். பெட்டியை வாங்க வந்த பெண்கள், கூடவே ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு போனார்கள். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது! இன்றைக்கு அங்கே குழந்தை மரணம் ஆயிரத்துக்கு இரண்டு. பெட்டியால் மட்டும் வந்த மாற்றம் இல்லை, சுத்தம், சத்துணவு, தடுப்பூசி எல்லாம் சேர்ந்து வந்தது.

நம் தமிழ்நாடும் சும்மா இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் 1987-லேயே வந்தது. 2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பதினாறு பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மகளிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன்.

நவம்பர் நடுவில் பேத்தி பிறந்தாள். பிரசவம் பார்த்தது மருத்துவச்சிதான். சிக்கல் இருந்தால் மட்டும் டாக்டர் வருவாராம். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று தொப்புள் கொடியையும் வெட்டினார். நம் மாநிலத்தில் நூறு பிரசவத்தில் நாற்பத்தைந்து சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அங்கே இருபதை ஒட்டித்தான். சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாளில் வீடு.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கும் மகளுக்கும் தினம் ஒரு தகராறு. காதில் பஞ்சு வை என்றால் மாட்டேன் என்பாள். தண்ணீர் அதிகம் குடிக்காதே என்றால், பால் கொடுக்கிறவள் குடிக்கத்தான் வேண்டும் என்பாள். (அவள் சொன்னதுதான் சரி என்று நர்ஸும் சொல்லிவிட்டார்.) உரைமருந்துக்குச் சந்தனக்கல்லை எடுத்தேன். "என்னென்ன சேர்த்திருக்கு, எவ்வளவு அளவுன்னு நர்ஸ் கேட்டா என்னம்மா சொல்லுவே?" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. கல்லை உள்ளே வைத்துவிட்டேன். பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் மட்டும் ஜெயித்தன.

பெரிய சண்டை டிசம்பரில் வந்தது. ஒரு நாள் தூங்கி எழுந்து பார்த்தால் குழந்தையைக் காணோம். பால்கனியில், மைனஸ் நாலு டிகிரியில், தள்ளுவண்டியில் தூங்குகிறாள்! பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். "விடுங்க அத்தை, இங்கே எல்லாரும் இப்படித்தான் தூங்க வைப்பாங்க. பதினஞ்சு நிமிஷத்துல உள்ளே கொண்டுவந்துடுவேன்" என்றார் மாப்பிள்ளை. குனிந்து பார்த்தேன். கம்பளிக்குள் இருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இதை நம் ஊரில் யாரும் செய்து பார்க்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தலைமுறைப் பழக்கம். எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் கூடாது என்ற கணக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த சட்டப்படி தாய்க்கு நூற்றறுபது நாள், தந்தைக்கு நூற்றறுபது நாள் பிள்ளை வளர்ப்புப் படி உண்டு. தாய்க்குப் பிரசவத்தை ஒட்டி இன்னும் நாற்பது நாள். அதனால் மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். 'ஆம்பளை வீட்ல உட்கார்ந்திருந்தா நல்லா இருக்கா?' என்று முதலில் மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்குத் துணி மாற்ற அவர் எழுந்த நாளில் அந்தக் குறை போயிற்று.

இத்தனை இருந்தும் மகள் முகத்தில் களையே இல்லை. குழந்தை சிரித்தால் இவள் சிரிப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வரும். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, தூக்கம் இல்ல" என்பாள். தலைப்பிள்ளை, இருட்டு ஊர், எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜனவரி முதல் வாரம். வெளியே மைனஸ் பதினைந்துக்கும் கீழே. குழந்தைக்கு ஆறாவது வாரப் பரிசோதனைக்காக 'நெயுவோலா'வுக்குப் போனோம். நெயுவோ என்றால் ஆலோசனை என்று அர்த்தமாம். தாய்சேய் நல நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வோ இல்ப்போ என்ற குழந்தை மருத்துவர் காலத்தில், 1922-ல் ஹெல்சிங்கியில் முதல் நிலையம் வந்தது. 1944-ல் ஒவ்வோர் ஊராட்சியும் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். போர் முடியாத வருஷம் அது! காசு கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்வரை அங்கேதான் போய் வர வேண்டும்.

நர்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். குழந்தையை நிறுத்துப் பார்த்தார், தலையை அளந்தார். வைட்டமின் டி சொட்டு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேட்டார். அதோடு கிளம்பலாம் என்று நான் கம்பளிக் கோட்டை எடுத்தேன். அவர் ஒரு காகிதத்தை மகளிடம் நீட்டி, "இப்போ உங்க முறை" என்றார்.

பத்தே பத்து கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெடும் அளவுக்கு மனசு சரியில்லாமல் இருந்ததா என்கிற மாதிரி. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. 1987-ல் ஸ்காட்லாந்தில் டாக்டர் ஜான் காக்ஸும் கூட இருந்தவர்களும் வடிவமைத்தது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று வரை மார்க். பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் சும்மா விடமாட்டார்கள்.

மகளுக்குப் பதினாறு வந்தது.

"முதல் பிள்ளைன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று நான் முந்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னேன். நர்ஸ் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து மகளின் எதிரே போட்டுக்கொண்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அப்புறம் ஒன்றுமே பேசாமல் காத்திருந்தார். பின்லாந்துக்காரர்களுக்கு மௌனம் ஒரு கஷ்டமே இல்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். என் பெண் உடைந்து அழுதாள். "குழந்தை மேல பாசமே வரல. நான் கெட்ட அம்மாவா?" என்றாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றேன்.

இனி எழுதப்போவதை என் கணவரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. 1990-ல் இதே மகள் பிறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிறந்த வீட்டில், சுற்றிலும் பாட்டி, அத்தை, சித்தி. எண்ணெய்க் குளியல், சாம்பிராணி, லேகியம், ஒன்றிலும் குறைவில்லை. ஆனால் ஒன்றரை மாதம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன். குழந்தை அழுதால் எரிச்சலாக வரும். பால் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். 'பொண்ணு பொறந்ததுல வருத்தம்' என்றார் ஒருவர். 'திமிர்' என்றார் இன்னொருவர். அப்புறம் யாரையோ வரவழைத்து மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கிணற்றடியில் ஒரு நாள் நான் ரொம்ப நேரம் நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. ஐந்தாறு மாதத்தில் தானாகவே தெளிந்தது. தெளிந்ததும் வெட்கமாகிவிட்டது. மூடி வைத்துவிட்டேன். முப்பத்து மூன்று வருஷம்!

அவ்வளவு பட்டவள்தான் அன்றைக்கு "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லி மகள் வாயை அடைக்கப் பார்த்தேன்.

அன்று ராத்திரி குழந்தையை மாப்பிள்ளை வைத்துக்கொண்டார். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடியையும் சொன்னேன். ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. "அப்போ என்னைப் பிடிக்காமதான் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். "ஆமாண்டி. அப்புறம் பிடிச்சுது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், செத்துப்போகலாம் போலத் தோன்றினால் அது திமிரும் இல்லை, பேயும் இல்லை. நோய். பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மனநலக் கோளாறு, முக்கியமாக மனச்சோர்வு வருகிறது, நம்மைப் போன்ற நாடுகளில் இன்னும் கூடுதல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச்சு வைத்தியமும், வேண்டுமானால் பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்தும் இருக்கின்றன. உயிரை விடும் எண்ணம் வந்தால் நாள் தள்ளவே கூடாது. உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை 2022 அக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

மகளுக்கு வாரம் ஒரு முறை மனநல நர்ஸோடு பேச ஏற்பாடு செய்தார்கள். நெயுவோலா நர்ஸ் ஒரு முறை வீட்டுக்கே வந்தார். நான் செய்த ரவா கேசரியை ஒன்றுக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கீழ் வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். எண்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். பூட்ஸில் ஆணிப் பட்டை மாட்டிக்கொண்டு பனிக்கட்டித் தெருவில் விறுவிறுவென்று நடந்து கடைக்குப் போவார். குழந்தையைப் பார்க்க வந்தபோது 'புல்லா' என்ற இனிப்பு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். வாயில் போட்டால் ஏலக்காய் வாசனை! இவ்வளவு தூரத்தில் நம் வீட்டு வாசனையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அவர் வீட்டில் காபி. டிகாக்‌ஷன் நம் காபிக்குக் கிட்டேகூட வராது. அது வேறு விஷயம்.

தான் பிறந்தபோது அம்மாவுக்குக் கிடைத்த பெட்டியில் தைத்த சட்டை கிடையாது, வெட்டாத துணிதான் இருந்ததாம், அம்மாவே தைத்துக்கொண்டாராம். அப்பா போரில் போய்விட்டார். 1944 பிப்ரவரியில் ஹெல்சிங்கி மீது குண்டு விழுந்தது. நாலு வயதுப் பெண்ணின் கழுத்தில் பெயர் அட்டையைக் கட்டி, அம்மா அவளை ஸ்வீடனுக்கு ரயிலேற்றிவிட்டார். போர்க்காலத்தில் அப்படிச் சுமார் 70,000 குழந்தைகள் பிரிந்து போனார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது இவருக்குப் பின்னிஷ் மொழி சுத்தமாக மறந்துபோயிருந்தது. அம்மா பேசுவது இவருக்குப் புரியாது. இவர் பேசுவது அம்மாவுக்குப் புரியாது. ஸ்வீடனில் வளர்த்தவளைத்தான் அம்மா என்று நினைத்து ராத்திரியெல்லாம் அழுதாராம்.

"அப்புறம் அதைப் பத்தி அம்மாகிட்டே பேசினீங்களா?" என்றேன்.

தலையை ஆட்டினார். "மொழி திரும்பி வந்தது. ஆனால் அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை அனுப்பிவிட்டு எப்படி இருந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது" என்றார். ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மகளுக்கு வெளியே போகும் தெம்பு வந்ததும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஹெல்சிங்கி போய் வந்தோம். தள்ளுவண்டியோடு ஏறும் தாய்க்குப் பஸ்ஸிலும் டிராமிலும் டிக்கெட் கிடையாது. ஹக்கனியெமி என்ற இடத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு நினைவுச் சின்னத்தை மகள் காட்டினாள். மீனா சில்லன்பா என்று பெயர். நம்ம ஊர் மீனா மாதிரியேதான் உச்சரிக்கிறார்கள்! பன்னிரண்டு வயதில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர், பிறகு வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். 1906-ல் அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததும், அடுத்த வருஷமே பாராளுமன்றத்துக்குப் போன பத்தொன்பது பெண்களில் ஒருவர். 1926-ல் நாட்டின் முதல் பெண் மந்திரி. கல்யாணமாகாமல் தாயானவர்களுக்குக் குழந்தையோடு தங்க வீடு வேண்டும் என்று போராடியவர். பெட்டியும் நெயுவோலாவும் தானாக வரவில்லை என்று அங்கே நின்றபோது தோன்றியது. பாத்திரம் தேய்த்த கைகள் கேட்டு வாங்கியிருக்கின்றன.

அதற்காகச் சொர்க்கம் என்று சொல்லிவிட மாட்டேன். கீழ் வீட்டுப் பாட்டிக்கு மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், அவ்வளவுதான். மற்ற ஆறு நாளும் ரேடியோதான் பேச்சுத் துணை. பிள்ளை பெறுவதும் அங்கே குறைந்து, 2023-ல் ஒரு பெண்ணுக்கு 1.26 குழந்தை என்று வந்து நின்றது. பூண்டுக் குழம்பு வைத்துக்கொடுக்க ஒரு நெயுவோலாவும் வராது. என் மகள் என்னிடம் மல்லுக்கு நின்றாலும், ராத்திரி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் மடியில் படுத்துக்கொள்வாள்.

ஜனவரி கடைசியில் கிளம்பினேன். பாட்டி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைக் குலுக்கினார், கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இரண்டு போன் வருகிறது. இரண்டாவது என்னுடையது.

ஊருக்கு வந்த மறு மாதம் அடுத்த தெருவில் ஒரு பெண் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை பார்க்கப் போனேன். வழக்கம்போல எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்று, மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தை கையில் பணத்தை வைத்துவிட்டு, கட்டிலில் அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ எப்படிம்மா இருக்கே? ராத்திரி தூங்கினியா?"

"நல்லா இருக்கேன் பெரியம்மா" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த நர்ஸ் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் காபி சாப்பிடக் கூடத்துக்குப் போனார்கள். அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். நான் வீட்டுக்குத் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். பூண்டுக் குழம்பும் கேட்டிருக்கிறாள், காரம் கம்மியாக.